எண்ணெய், ஒத்தணம், அட்டை: தோலுக்கும் வயிற்றுக்கும் புற மருத்துவம் குறித்து மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சித்த மருத்துவம் படித்தவன். மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் நோயாளர் பார்க்கிறேன். நாளும் கேட்கப்படும் கேள்விகளையும், கேட்கப்படாததால் ஆபத்தாகிவிடும் இரண்டொன்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். என் துறையை விட்டுக்கொடுக்காமலும் எழுதியிருக்கிறேன்; அதற்காகப் பொய் சொல்லாமலும் எழுதியிருக்கிறேன்.

புற மருத்துவம் என்றால் எண்ணெய் பூசுவதுதானே?

அது ஒரு பகுதி மட்டும். சித்த மருத்துவத்தில் உள்மருந்து 32, புறமருந்து 32 என்று கணக்கு. கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது, தொக்கணம், புகை, களிம்பு, வர்த்தி, பீச்சு, காரம், அட்டை விடல், கொம்பு கட்டல், கீறல், அறுவை எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. ஒற்றடத்தைத்தான் நம் வீடுகளில் ஒத்தணம் என்கிறோம். தொக்கணம் என்பது பிடித்துவிடுவது, பீச்சு என்பது எனிமா, கொம்பு கட்டல் என்பது தோலில் கொம்போ கிண்ணமோ வைத்து உறிஞ்சி இரத்தம் எடுப்பது.

தோல் நோய் என்றால் பூச்சு, களிம்பு, பற்று, கழுவும் நீர் ஆகியவற்றுக்கு நேரடியான வேலை இருக்கிறது. மருந்து வைக்கும் இடமே நோய் இருக்கும் இடம். வயிற்று நோயில் அப்படியல்ல. வயிற்றின் மேல் பூசுவது குடலுக்குள் போய்ச் சேராது. அங்கே சூடும் கையழுத்தமும் ஓரளவு ஆறுதல் தரும், அவ்வளவுதான். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுச் செய்யும் வைத்தியத்தால்தான் தொல்லை வருகிறது.

எல்லாத் தோல் வருத்தத்துக்கும் பொருந்தும் ஓர் எண்ணெய் சொல்லுங்களேன்?

அப்படி ஒன்று இல்லை. இருப்பதாகச் சொல்லி விற்பவரிடம் வாங்காதீர்கள். படர்தாமரை பூஞ்சையால் வருவது. சிரங்கு ஒரு சிற்றுண்ணியால் வருவது. கரப்பான் (எக்சிமா) தோலின் காப்புத்தன்மை குறைவதால் வருவது. காளாஞ்சகப்படையில் (சோரியாசிஸ்) உடலின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தூண்டிவிடுகிறது. நான்குமே கடிக்கும் (அரிக்கும்), நான்குமே சிவக்கும். ஒன்றுக்கு நல்லதாக இருப்பது மற்றொன்றைக் கெடுக்கும்.

கரப்பானுக்கு மட்டும் ஒரு நல்ல செய்தி. வறண்ட கரப்பான் உள்ள பிள்ளைகளுக்குச் சூடாக்காமல் எடுத்த தேங்காயெண்ணெய் பயன்படுவதாக 2014இல் வெளிவந்த பிலிப்பைன்ஸ் ஆய்வு ஒன்று காட்டியது. 117 பிள்ளைகளை இரு பிரிவாக்கி 8 வாரம் பார்த்தார்கள். கனிம எண்ணெய் பூசியவர்களைவிடத் தேங்காயெண்ணெய் பூசியவர்களின் தோல் நன்றாகத் தேறியது. குளித்து மூன்று நிமிடத்துக்குள், தோலில் ஈரம் இருக்கும்போதே பூசுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒருநாளும் தவறவிடாதீர்கள். நீர் வடியும் கரப்பானுக்கு இது சரிவராது.

வீட்டில் எல்லோருக்கும் இரவில் கடி. விரலிடுக்கில் கொப்பளம். வேப்பிலையும் மஞ்சளும் போதுமா?

நீங்கள் சொல்வது சிரங்கு போலிருக்கிறது. விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, ஆண்களுக்குக் குறியில் பருக்கள். இரவில் கூடும் கடி. ஒரே பாயில் படுப்பவர்களுக்கும் அதே வருத்தம். இவ்வளவும் இருந்தால் வேறு எதையும் முதலில் நினைக்க வேண்டியதில்லை.

வேப்பிலையும் மஞ்சளும் வெறும் நம்பிக்கை அல்ல. 1992இல் வெளியான இந்திய ஆய்வொன்றில் இந்த விழுதைப் பூசிய 814 பேரில் 97 விழுக்காட்டினர் 3 முதல் 15 நாளுக்குள் குணமானதாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் பூசாத ஒரு கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஆகவே அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நான் வாதாட மாட்டேன். கந்தகக் களிம்புக்கு நெடுங்கால அனுபவம் இருக்கிறது; நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வைத்தியசாலையில் தரும் பெர்மெத்ரின் 5 விழுக்காட்டுக் கிரீம் இவற்றைவிட இலகு. இரவு பூசிக் காலையில் கழுவி, ஒரு வாரத்தில் மறுபடி பூச வேண்டும். சித்த வைத்தியன் நானே அதைத்தான் முதலில் சொல்கிறேன்.

எந்த மருந்தானாலும் பிழை நேர்வது பூசும் முறையில்தான். கடிக்கும் இடத்தில் மட்டும் பூசுகிறார்கள். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்தடியிலும் பூச வேண்டும். கடி இல்லாதவரையும் சேர்த்து வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் பூச வேண்டும். படுக்கை விரிப்பு, சாரம், துவாய் எல்லாவற்றையும் சுடுநீரில் தோய்க்க வேண்டும். தோய்க்க முடியாததைப் பையில் கட்டி மூன்று நாள் வையுங்கள். உண்ணி செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் கடி இருக்கும். அதை மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணி நாளும் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொண்டு வருபவர்கள் பலர்.

படர்தாமரைக்குப் பாமசியில் ஒரு கிரீம் தந்தார்கள். பூசினால் உடனே அடங்குகிறது, விட்டால் பெரிதாகிறது. ஏன்?

அதில் ஸ்டீரொயிட் கலந்திருக்கக்கூடும். ஸ்டீரொயிட் சிவப்பையும் கடியையும் அடக்கும், பூஞ்சையைக் கொல்லாது. எதிர்ப்பு இல்லாத இடத்தில் பூஞ்சை அகலமாகப் பரவும். வட்டமும் கலைந்து, இன்ன நோய் என்று கண்டுபிடிப்பதும் கடினமாகிவிடும். டியூப்பில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரே ஒட்டாத சிறு டப்பாவில் தந்த களிம்பு என்றால், அது நாட்டு வைத்தியர் தந்ததானாலும், முதலில் சந்தேகப்படுங்கள்.

சீமையகத்தி இலை நல்ல மருந்து. வண்டுகொல்லி என்றும் சொல்வார்கள். பூஞ்சைக்கு எதிரான கிரைசோபானிக் அமிலம் அதில் உண்டு. பச்சை இலையை அரைத்து, சிறிய படைக்கு நாளுக்கு இருமுறை பூசலாம். தொடையிடுக்கு முழுவதும் பரவிவிட்ட படைக்கு, நீரிழிவுக்காரருக்கு, தலையில் வந்த படைக்கு இது போதாது. தலைப்படைக்கு மாத்திரை வேண்டும்.

தேமல் போல ஒரு வெளிறிய இடம். கடி இல்லை. அதற்கு என்ன பூசலாம்?

எதையும் பூச வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பஞ்சு நுனியால் அந்த இடத்தைத் தொடச் சொல்லுங்கள். தொட்டது தெரியவில்லை என்றால் நேரே தோல் நோய்க் கிளினிக்குக்குப் போங்கள். அது தொழுநோயாக இருக்கலாம்.

இந்தப் பெயரைச் சொன்னதும் முகம் மாறிவிடுகிறது. வாவிக்குள் இருக்கும் மாந்தீவில் நோயாளரைத் தனியே வைத்துப் பார்த்த காலத்தை நம் ஊர் இன்னும் மறக்கவில்லை. இன்று நிலைமை அப்படியல்ல. பல மருந்துகள் சேர்ந்த சிகிச்சை இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம். மருந்து தொடங்கிய சில நாளிலேயே மற்றவருக்குத் தொற்றுவது நின்றுவிடும், வீட்டிலிருந்தபடியே குணமாகலாம். 1995இல் இலங்கை இந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக அறிவித்தது. அதனால் நோயே இல்லை என்று எண்ணிவிட்டோம். இன்றும் கிழக்கில் புதிய நோயாளர் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். கடிக்காது, நோகாது என்பதால் ஆண்டுக்கணக்கில் எண்ணெய் பூசிக்கொண்டிருப்பார்கள். அதற்குள் நரம்பு கெட்டு விரல் மடங்கிவிடும்.

காளாஞ்சகப்படைக்கு வெட்பாலைத் தைலம் எப்படிச் செய்வது?

வெட்பாலை இலையைக் கையால் கிழித்துக் கண்ணாடிப் போத்தலில் போடுங்கள். இரும்புக் கத்தி படக்கூடாது என்பது மரபு. நானும் அப்படியே செய்கிறேன், காரணம் கேட்டால் திருத்தமான பதில் என்னிடம் இல்லை. இலை மூழ்கும்வரை தேங்காயெண்ணெய் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி வெயிலில் வையுங்கள். ஓரிரு நாளில் எண்ணெயில் ஊதா இழை ஓடத் தொடங்கும். ஏழாம் நாள் போத்தலைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தால் கத்தரிப்பூ நிறம். வடித்துக்கொள்ளுங்கள். இலையில் ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும், ஆகவே கழுவிய இலையை நிழலில் உலர்த்திய பிறகே போட வேண்டும்.

என்ன செய்யும்? செதிலை இளக்கும், வெடிப்பையும் கடியையும் குறைக்கும். நோயை வேரோடு பிடுங்காது. இயல்பான தோல் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கும்; இந்நோயில் அது சில நாளில் நடந்துவிடுகிறது. அந்த வேகத்தைக் குறைக்கப் புற ஊதாக் கதிர்ச் சிகிச்சையும் மாத்திரையும் உண்டு. உடலின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் படர்ந்தால், மூட்டு வீங்கினால், தைலத்தோடு நிற்காதீர்கள்.

ஒன்று முக்கியம். இந்த நோயாளரின் தோலில் எங்கே காயம் பட்டாலும் அங்கே புதிய படை முளைக்கலாம். சொறிவது, உரசித் தேய்ப்பது, கீறி இரத்தம் எடுப்பது எல்லாமே காயம்தான். முதுகில் வரிசையாக வட்ட வட்டமாகப் படையோடு ஒருவர் வந்தார். நோயின் விசித்திரம் என்று ஒரு கணம் வியந்தேன். பிறகு கேட்டால், இரண்டு வாரத்துக்கு முன் அதே இடங்களில் கொம்பு கட்டியிருக்கிறார்.

அட்டை விடுவதும், கீறிக் கிண்ணம் வைத்து இரத்தம் எடுக்கும் ஹிஜாமாவும் இரத்தத்தைச் சுத்தமாக்குமா?

இரத்தத்தைச் சுத்தமாக்குவது ஈரலும் சிறுநீரகமும். கெட்ட இரத்தம் தனியாக ஓரிடத்தில் தேங்கி நிற்பதில்லை. கறுத்துத் தெரிவது நாளத்து இரத்தம். எல்லோருக்கும் அந்த நிறம்தான்.

அட்டைக்கென்று உண்மையான பயன் ஒன்று உண்டு. அதன் உமிழ்நீரில் ஹிருடின் என்ற, இரத்தம் உறையவிடாத பொருள் இருக்கிறது. வெட்டுண்டு மறுபடி பொருத்திய விரலில் இரத்தம் தேங்கினால் சத்திரசிகிச்சை நிபுணர்களே அட்டை விடுகிறார்கள். அமெரிக்காவில் 2004இல் அதற்கு அனுமதி கிடைத்தது. தோல் நோய்க்கு அந்த அளவு சான்று இல்லை. நாளம் புடைத்து, கணுக்காலருகே கறுத்து அரிக்கும் கால்களுக்கு நானும் சில வேளை விடுவதுண்டு. ஓர் அட்டை 5 முதல் 15 மில்லிலீற்றர் குடிக்கும், விழுந்த பின்பும் பல மணிநேரம் இரத்தம் கசியும். ஒருவருக்கு விட்ட அட்டையை இன்னொருவருக்கு விடவே கூடாது. அட்டையின் குடலில் வாழும் பக்டீரியாவால் புண் சீழ்வைப்பதும் உண்டு.

ஹிஜாமா காத்தான்குடி, அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கங்களில் மார்க்க நம்பிக்கையோடும் சேர்ந்தது. யூனானியிலும் அதற்கு இடம் உண்டு. நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. பிளேடும் கிண்ணமும் உங்கள் கண்முன்னே புதிதாகப் பிரிக்கப்பட வேண்டும் என்று மட்டும் கேட்டு நில்லுங்கள். ஹெப்படைடிஸ் பீயும் சீயும் இரத்தத்தால் பரவுபவை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின், குளோபிடோகிரல், அஸ்பிரின் எடுப்பவர், இரத்தச்சோகை உள்ளவர், கர்ப்பிணி ஆகியோருக்கு இரண்டும் வேண்டாம். காய்ச்சலோடு ஒருபோதும் வேண்டாம். மார்கழி மழைக்காலக் காய்ச்சல் டெங்காக இருக்கலாம்; அப்போது இரத்தக்கசிவு ஆபத்தாகும்.

தேசிக்காய் பூசினால் கரும்புள்ளி போகுமா?

போகாது, இன்னும் கூடிவிடும். தேசிக்காய்ச்சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் எரிந்து கொப்பளித்து, மாதக்கணக்கில் போகாத கறை விழும். என் அம்மம்மா முற்றத்தில் ஊறுகாய்க்குத் தேசிக்காய் பிழிந்த அன்று, சாறு வடிந்த வழியெல்லாம் அவருடைய முன்கையில் கோடு கோடாகக் கறுத்துப்போனது. வெண்புள்ளிக்குப் பூசும் கார்போக அரிசியும் வெயிலோடு சேர்ந்துதான் வேலை செய்கிறது. அளவு தவறினால் அதுவும் எரிக்கும். முகத்தை வெளிறச் செய்யும் கிரீம்களில் பாதரசம் இருப்பதுண்டு. அது தோல் வழியே சிறுநீரகம் வரை போகும்.

வட்டைக்குள் (வயலுக்குள்) இறங்கினால் சேற்றுப்புண். என்ன செய்வது?

மருதோண்டி இலையையும் மஞ்சளையும் அரைத்து இரவில் விரலிடுக்கில் வையுங்கள். காலையில் கழுவித் துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும். உலரவிடுவதுதான் பாதி வைத்தியம். கடையில் வாங்கும் கறுப்பு மருதாணி வேறு சரக்கு, அதை வைக்காதீர்கள். காலில் புண்ணோடு சேற்றில் நின்ற பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலை நினைத்து அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். பெரும்போகம் தொடங்கும் முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பற்றியும் கேட்டு வையுங்கள்.

நண்டு, இறால், கத்தரிக்காய் கிரந்தி, அதாவது தோல் வருத்தத்தைக் கூட்டும் உணவு என்கிறார்களே? குடலைச் சுத்தம் செய்தால் தோல் தெளியுமா?

நண்டும் இறாலும் சிலருக்கு உண்மையிலேயே ஒவ்வாது. சாப்பிட்டுச் சில நிமிடம் முதல் இரண்டு மணிநேரத்துக்குள் தடித்துச் சிவந்தால் அவர் வாழ்நாள் முழுவதும் விலக்க வேண்டியதுதான். உதடு வீங்கி மூச்சுத் திணறினால் அது அவசர நிலை. மற்றவர்கள் வாவிக்கரையில் பிறந்துவிட்டு இறாலை ஏன் விட வேண்டும்? பேதி கொடுத்துக் குடலைக் கழுவினால் படை போகும் என்பதற்குச் சான்று இல்லை. பிள்ளைகளுக்கு மீன், முட்டை, பருப்பு எல்லாம் நிறுத்தி மெலிய வைத்துக்கொண்டு வருகிறார்கள். தோல் அப்படியே இருக்கிறது.

வயிற்றுவலிக்கு ஒத்தணம் கொடுக்கலாமா?

மாதவிடாய் வலி, உப்புசம், வழக்கமாக வந்து போகும் இழுவை ஆகியவற்றுக்குக் கொடுக்கலாம். தாச்சியில் ஒரு பிடி கல்லுப்பைப் போட்டு வறுத்தால் படபடவென்று வெடிக்கும். அந்தச் சத்தம் அடங்கியதும் பழைய சாரத்துண்டில் கொட்டிக் கட்டி, உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று எண்ணும்வரை தாங்க முடியாவிட்டால் நோயாளிக்கும் முடியாது. நீரிழிவால் உணர்ச்சி குறைந்தவருக்குச் சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும்.

தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி, காய்ச்சலும் சத்தியும் சேர்ந்தால் அது குடல்வால் அழற்சியாக இருக்கலாம். ஒத்தணம், பிடித்துவிடுதல், ஆமணக்கெண்ணெய் மூன்றும் அப்போது கூடாது. டெங்கில் வரும் வயிற்றுவலியும் ஆபத்தின் அறிகுறி.

மலச்சிக்கலுக்கு வயிறு தடவுவது பலன் தருமா?

தருகிறது, மெதுவாக. வலது அடிவயிற்றில் தொடங்கி விலா வரை மேலே, அங்கிருந்து குறுக்காக இடப்பக்கம், பிறகு கீழே. பெருங்குடல் போகும் வழி அதுதான். காலையில் பத்து நிமிடம். எந்த எண்ணெயும் சரி. எண்ணெய் கை வழுக்குவதற்கு மட்டும். சாப்பிட்ட உடனே, கர்ப்பகாலத்தில், குடலிறக்கம் உள்ளபோது செய்ய வேண்டாம்.

பிள்ளை வீரிட்டழுதால் குடல் மேலேறிவிட்டது, குடலேற்றம் என்று தட்டச் சொல்கிறார்கள். தட்டலாமா?

தட்டாதீர்கள், தலைகீழாகப் பிடிக்காதீர்கள். மாலையானால் வீரிட்டழும் கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் நோயே இல்லை; மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கும். வெற்றிலையை வாட்டி, இளஞ்சூட்டில் வயிற்றில் வைப்பதால் தீங்கில்லை. பெருங்காயத்தைக் கரைத்துத் தொப்புளைச் சுற்றிப் பூசுவது கொடி விழுந்து காய்ந்த பின் என்றால் பரவாயில்லை. வாய்க்குள் கொடுக்கக் கூடாது. அப்படிக் கொடுத்த சிசுவின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரித்ததாக மருத்துவ ஏட்டில் பதிவு இருக்கிறது. கற்பூரம் கலந்த தைலமும் வேண்டாம், வலிப்பு வரக்கூடும்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. பிள்ளை காலை மடக்கிக்கொண்டு வீரிடும், பத்துப் பதினைந்து நிமிடம் சோர்ந்து கிடக்கும், மறுபடி வீரிடும். சத்தி எடுக்கும். மலத்தில் இரத்தமும் சளியும் வரும். அது குடலுக்குள் குடல் செருகிக்கொள்வது. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை அதிகம். நேரத்தோடு கொண்டுபோனால் வெட்டாமலே காற்றையோ நீரையோ மலவாய் வழியே செலுத்திச் சரிசெய்துவிடுகிறார்கள். தட்டிக்கொண்டு ஒருநாள் கழித்தால் குடல் அழுகிவிடும்.

நெஞ்சுக்குழியில் வாயு பிடித்தால் எதைத் தேய்ப்பது?

நாற்பது தாண்டியவருக்கு, நீரிழிவு அல்லது பிரஷர் உள்ளவருக்கு, வியர்வையோடு நெஞ்சுக்குழி அழுத்தினால் எதையும் தேய்க்க வேண்டாம். 1990ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். மாரடைப்பு வாயுவைப் போலவே வரும்.

மூலத்துக்கும் பவுத்திரத்துக்கும் சத்திரசிகிச்சை இல்லாமல் முடியுமா?

மூலம் தொடக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் முடியும். இளஞ்சூட்டு நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் இருப்பது, நார்ச்சத்து, தண்ணீர், கழிப்பறையில் தொலைபேசியோடு குந்தாமை. ஆனால் இரத்தம் போனால் மூலம் என்று நீங்களாகத் தீர்மானிக்காதீர்கள். பெருங்குடல் புற்றும் அப்படித்தான் தொடங்குகிறது.

பவுத்திரம் என்பது மலவாயருகே தோலிலிருந்து உள்ளே ஓடும் புரை. அதில் நம் மரபு தலைநிமிர்ந்து நிற்கலாம். காரநூல் என்பது கள்ளிப்பாலும் நாயுருவிச் சாம்பலின் காரமும் மஞ்சளும் பலமுறை பூசி உலர்த்திய நூல். அதைப் புரையின் வழியே செலுத்திக் கட்டி, வாரம் ஒருமுறை மாற்றுவார்கள். நூல் அறுத்துக்கொண்டே வர, பின்னால் புண் ஆறிக்கொண்டே வரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சத்திரசிகிச்சையோடு ஒப்பிட்டு 1991இல் முடிவை வெளியிட்டது. ஆறுவதற்கு 4 வாரத்துக்குப் பதிலாக 8 வாரம் எடுத்தது. ஆனால் மறுபடி வந்தது 11 விழுக்காட்டினருக்குப் பதிலாக 4 விழுக்காட்டினருக்கே. பயிற்சி பெற்றவர் கையால் மட்டும் செய்துகொள்ளுங்கள்.

ஆங்கில மருந்தோடு சேர்த்துச் செய்யலாமா?

பெரும்பாலும் செய்யலாம். இரண்டு வைத்தியருக்கும் மற்றவர் தருவது தெரிய வேண்டும். கிளினிக் கொப்பியையும் எங்கள் மருந்துச் சீட்டையும் ஒரே பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீரொயிட் மாத்திரையை நாட்டு வைத்தியத்துக்காகத் திடீரென்று நிறுத்துவது உயிராபத்து.

யாரிடம் போவது?

1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின்படி ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிந்தவரிடம். பதிவிலக்கத்தைக் கேட்பது அவமரியாதை அல்ல, என்னிடமும் கேளுங்கள். சித்த மருத்துவப் பட்டதாரிகள் யாழ்ப்பாணத்திலிருந்தும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலிருந்தும் வருகிறார்கள். அரச ஆயுர்வேத வைத்தியசாலைகளில் கட்டணம் இல்லை. அம்பாறை மாவட்டத்தவருக்கு நிந்தவூரில் ஒன்று இருக்கிறது. பரம்பரைப் பரிகாரியார் பதிவு பெற்றவர் என்றால் அவரிடமும் போகலாம். முறிவு நெறிவில் என்னைவிட நன்றாகக் கைபார்க்கத் தெரிந்தவர்கள் அவர்களில் இருக்கிறார்கள்.

போன வருடத்துத் தைலம் மிஞ்சியிருக்கிறது. பாவிக்கலாமா?

மூடியைத் திறந்து மணந்து பாருங்கள். சிக்கெடுத்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். வாடை இல்லாவிட்டால் முன்கையின் உட்புறத்தில் ஒரு துளி தேய்த்து ஒருநாள் பொறுத்திருங்கள். சிவக்காவிட்டால் பாவியுங்கள். குளியலறைத் தரையில் சிந்தினால் உடனே துடையுங்கள்.